பூங்காவில் பொழுது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 அக்டோபரில் சென்னை கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. 2025 நவம்பரில் கோவை காந்திபுரத்தில், மத்தியச் சிறைக்குரிய நிலத்தில், 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா வந்தது. எங்கள் ஊருக்கும் ஒன்று வேண்டும் என்று மற்ற நகரங்களும் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. நல்ல கேட்புதான். ஆனால் கேட்கும்போது எழுதித் தரும் பட்டியலைப் பார்த்தால் ஜிப்லைன், இசை நீரூற்று, செல்ஃபி பாயின்ட், ஃபைபர் யானை, எல்.இ.டி. மரம் என்று இருக்கிறது. வருகிறவர் தோய்ந்து போகிற அனுபவம் வேண்டும் என்பது தலைப்பு. அதன் கீழே இருப்பதெல்லாம் கடையில் வாங்கும் சாமான். செடி, நீர், விளக்கு, தரை ஆகியவற்றின் வடிவமைப்பில் இருக்கும் நாங்கள், அந்தத் தலைப்புக்கும் பட்டியலுக்கும் நடுவே விழுந்துபோவது என்ன என்று எழுத விரும்புகிறோம்.

தமிழ் இலக்கணம் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பூ, பறவை, பறை எல்லாம் கருப்பொருள். ‘ஐந்திணைத் தோட்டம்’ என்று பெயர் வைக்கும்போது நாம் கருப்பொருளை மட்டும் எடுத்துச் சிலையாக நட்டுவிடுகிறோம். முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, பாலைக்கு நண்பகல் என்ற பாதி காணாமல் போகிறது. பூங்காவில் நிற்பவரின் தோலுக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டுவது அந்தப் பாதிதான்.

வெயிலில் தொடங்குவோம். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை ஏறத்தாழ நான்கு மாதம் சற்றே வடக்கில் நிற்கிறது. தெற்கு வெயிலைத் தடுத்தால் போதும் என்று வடநாட்டுக் கையேட்டைப் பார்த்துப் போட்ட நிழற்கூரை, கோடையில் இங்கே பாதி வேலைதான் செய்யும். நண்பகலில் தலைக்கு மேல் இருப்பது மட்டுமே நிழல் தரும். பக்கச் சுவரால் பயனில்லை. பிள்ளைகளும் முதியவர்களும் வரும் நான்கு மணிக்கோ சூரியன் மேற்கு–வடமேற்கில், அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். ஆகவே மாலையில் உட்காரும் பெஞ்சுக்கு நிழல் மரம் பெஞ்சின் பின்னால் ஒட்டி நிற்கக் கூடாது. மேற்கு–வடமேற்கே 4 முதல் 6 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அப்போதுதான் 5 மீட்டர் உயர மரத்தின் நிழல் நீண்டு வந்து பெஞ்சில் விழும். வரைபடத்தில் பெஞ்சுக்கும் மரத்துக்கும் அழகான வட்டம் போட்டு ஜோடி சேர்த்திருப்பார்கள். கட்டிய பிறகு நான்கு மணிக்கு அந்த வரிசையில் ஒருவரும் இருக்க மாட்டார். பெஞ்சு சரியில்லை என்று அடுத்த எஸ்டிமேட்டில் பெஞ்சை மாற்றுவார்கள்.

தரையும் அப்படியே. குழந்தைகள் விளையாடும் இடத்தில் வண்ண ரப்பர் தளம் இப்போது கட்டாயம் போல ஆகிவிட்டது. விழுந்தால் அடிபடாது என்பது உண்மை. கோடை மதியம் நேர் வெயிலில் அதன் மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும் என்பதும் உண்மை. செருப்பில்லாத காலுக்கு அது அடுப்பு. நிழல் உறுதியாக உள்ள இடத்தில் மட்டும் ரப்பர் போடலாம். மற்ற இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்குக் கழுவிய ஆற்று மணல், அதன் கீழே சரளை, வடிகால் குழாய் என்று அமைப்பது மலிவு, குளிர்ச்சி. இரவில் பூனை அசுத்தம் செய்யும் என்பது மணல்குழியின் பழைய தொல்லை. மாலையில் தார்ப்பாய் மூடுவதும் வாரம் ஒருமுறை கிளறிவிடுவதும் தோட்டப் பணியாளரின் வேலைப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தால் தொல்லை தீரும். எழுதப்படாவிட்டால் ஆறு மாதத்தில் மணலை அள்ளிவிட்டு ரப்பர் போட்டுவிடுவார்கள். இரும்புச் சறுக்குமரத்தை மேற்கு பார்த்து வைப்பது இன்னொரு பழக்கம். வடகிழக்கு பார்த்து வைத்து, மேலே கூரையும் போட்டால் மாலை நேரத்திலாவது பிள்ளைகள் உட்கார முடியும்.

பாலையை ஒதுக்க வேண்டியதில்லை. குளிர்ச்சி என்பது எதிலிருந்து எதற்குப் போகிறோம் என்பதில் இருக்கிறது. கருங்கல் பாவிய திறந்த முற்றம் ஒன்றை 12, 15 மீட்டர் கடக்கவைத்து, உடனே அடர்ந்த நிழலுக்குள் இறக்கினால், அங்கே காற்றின் வெப்பம் இரண்டு டிகிரிதான் குறைந்திருந்தாலும் உடம்பு அதைப் பெரிதாக உணரும். இந்தக் கலை நம் கோயில் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெயிலில் காயும் வெளிமுற்றம், கோபுர வாசலின் இருட்டு, பிரகாரத்தின் சில்லென்ற கல், உள்ளே போகப்போகத் தாழும் கூரை, எண்ணெய் மணம், குறையும் வெளிச்சம். ஒரு திரையும் ஒரு ஒலிபெருக்கியும் இல்லாமல் ஆளை உள்ளிழுத்துவிடும் வடிவமைப்பு அது. பூங்காவில் இதை மலிவாகச் செய்யலாம். வாசலிலிருந்து எல்லாவற்றையும் காட்டிவிடும் நேர்ப்பாதைக்குப் பதிலாக, கொடிப்பந்தல் மூடிய 10 மீட்டர் வளைவுப்பாதை, அகலம் 2.4 மீட்டர், உயரம் 2.5 மீட்டர். அது முடியும் இடத்தில் வெளி விரிய வேண்டும். சாலையின் வெளிச்சத்துக்குப் பழகிய கண் நிழலுக்கு இறங்க இந்தத் தூரம் உதவுகிறது. பாதுகாப்புக்காக எல்லாம் தெரியவேண்டும் என்று காவல்துறை சொல்வது நியாயமே. பந்தலின் இரு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு மேல் செடி இல்லாமல் திறந்து விட்டால் இரண்டும் நிறைவேறும்.

ஒலிக்கு வருகிறோம். நகரப் பூங்காவின் முதல் எதிரி வெளியே ஓடும் சாலை. சாலை ஒரு கோடாக ஒலி எழுப்புவதால், தூரத்தை இருமடங்காக்கினாலும் 3 டெசிபெல்தான் குறையும். சிறு பூங்காவில் ஓடி ஒளிய இடமே இல்லை. வேலிச்செடி வைத்தால் சத்தம் அடங்கும் என்பது நம்பிக்கைதான். ஓரிரு மீட்டர் அடர்த்தியுள்ள செடி ஒலியைத் தடுப்பது மிகக் குறைவு. வண்டியைக் கண்ணிலிருந்து மறைப்பதால் எரிச்சல் குறைகிறது, அவ்வளவே. இடைவெளியில்லாத செங்கல் சுவரோ மண்மேடோதான் உண்மையில் தடுக்கும். அடுத்த வழி, சத்தத்தைச் சத்தத்தால் மூடுவது. நியூயார்க்கின் 53ஆம் தெருவில் 1967இல் திறந்த பேலி பூங்கா சுமார் 4,200 சதுர அடி. நம் கணக்கில் ஒன்றே முக்கால் கிரவுண்டு. பின்சுவர் முழுக்க 20 அடி உயரத்திலிருந்து நீர் கொட்டுகிறது. அது சாலை இரைச்சலைக் குறைக்கவில்லை, காதில் விழாமல் செய்கிறது. மேலே மரக்கிளைகள், கீழே இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகள். அவ்வளவுதான் சாமான். மனைப்பிரிவுகளில் பொதுத் திறந்தவெளிக்கென 10 விழுக்காடு என்று விடப்பட்டுக் கிடக்கும் எத்தனையோ ஓ.எஸ்.ஆர். துண்டு நிலங்கள் இந்த அளவுதான்.

இந்த அருவிச்சுவரை இங்கே கட்டும்போது கவனிக்க வேண்டியது, நீர் எதன்மேல் விழுகிறது என்பது. வழவழப்பான கண்ணாடியில் வழியும் நீருக்கு ஒலி இல்லை. கரடுமுரடான கல்லில் உடைந்து, அடியில் 20 செ.மீ. ஆழத் தண்ணீரில் விழ வேண்டும். ஆழம் மிகக் குறைந்தால் சப்தம் தகரத்தில் மழை பெய்வதுபோல் சிதறும். உட்காரும் இடம் அருவிக்கு அருகிலும் சாலைக்குத் தொலைவிலும் இருக்க வேண்டும்; மாற்றி வைத்தால் இரண்டு சத்தமும் சேர்ந்து கேட்கும்.

இசை ஒலிபெருக்கி கட்டாயம் வேண்டுமென்றால், நான்கு மூலையில் நான்கு புனல் ஒலிபெருக்கி கட்டுவதை விடுங்கள். நீண்ட ஒரே கம்பியில் பல ஒலிபெருக்கிகளை ஓட்டும் 100 வோல்ட் லைனில் சிறு ஒலிபெருக்கிகளை 6 முதல் 8 மீட்டருக்கு ஒன்றாகச் செடிக்கிடையில் தாழ்வாக வைத்தால், அருகில் போகிறவருக்கு மட்டும் கேட்கும் அளவில் ஓட்டலாம். ஒரு பகுதியில் இசை, அடுத்ததில் அறவே இல்லை என்ற ஏற்பாடு நல்லது. காலை ஏழு மணிக்குக் குயில் கூவும் இடத்தில் குயில் ஒலிப்பதிவு எதற்கு?

நீர்ப்புகை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போது எல்லா எஸ்டிமேட்டிலும் ‘ஃபாகர்’ இருக்கிறது. துளி ஆவியாகும்போதுதான் காற்று குளிரும். 38 டிகிரி வெயிலும் 25 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள உலர்ந்த மதியத்தில், கணக்குப்படி காற்றை 23 டிகிரி அருகே வரை இறக்க இடமுண்டு. கடற்காற்று ஏறிவிட்ட சென்னை மாலையில், 34 டிகிரியும் 70 விழுக்காடும் என்றால் எல்லை 29 டிகிரி. திறந்த வெளியில் அதில் பாதிகூடக் கிடைக்காது. மிஞ்சுவது நனைந்த சட்டையும் வழுக்கும் தரையும். உள்மாவட்டங்களில் கோடையில் பயன்படும் கருவி, கடற்கரை நகரத்தில் படம் எடுக்கத்தான் உதவும். போடுவதென்றால் 70 பார் அழுத்தப் பம்பு வேண்டும். வீட்டுக் குழாய் அழுத்தத்தில் ஓடும் மலிவு வகை, புகையாக இல்லாமல் தூறலாக விழும். நாசில் துளை கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் ஓரிரு வாரத்தில் அதை அடைத்துவிடும். ஆர்.ஓ. நீர், நிறுத்தியதும் சொட்டாமல் தடுக்கும் வால்வு, பயன்படுத்தாத நாள்களில் குழாயை வடித்து வைப்பது, இந்த மூன்றும் இல்லாமல் வாங்கக் கூடாது. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். அந்த நீரைப் புகையாக்கி மக்கள் மூச்சில் விடுவது விளையாட்டல்ல.

குழந்தைகள் ஓடி நனையும் தரை நீரூற்று மிக நல்ல விஷயம். அதில் கெட்டுப்போவது முதலில் பம்பு அல்ல, வடிகட்டி. பாதங்களின் மண்ணும் வேப்பிலையும் நேராகத் தொட்டிக்குப் போகின்றன. தொட்டிக்கு முன்னால் எளிதில் கழற்றிக் கழுவும் கூடை, பின்னால் மணல் வடிகட்டி, லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின், அதைக் காலையும் மாலையும் அளந்து எழுதும் நோட்டு என எல்லாமே நீச்சல்குளத்துக்கு உள்ள ஒழுங்கு. தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டில் ஓட வேண்டும். மின்தடத்தில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் வேண்டும். மின்பலகையைப் பம்பு அறையின் தரைக்குழிக்குள் வைக்கவே கூடாது. வடகிழக்குப் பருவமழையில் முதலில் முழுகுவது அந்தக் குழிதான்.

செடிகளுக்கு வந்தால், குறிஞ்சிப் பூவைச் சமவெளியில் நட ஆசைப்பட வேண்டாம். 1,300 மீட்டருக்கு மேலான மலைச்சரிவில் வளர்ந்து 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது அது. குறிஞ்சிக்கே உரிய இன்னொரு பூவான காந்தள் கீழேயும் வளரும், மழைக்காலத்தில் தீப்பிடித்ததுபோல் பூக்கும். ஆனால் கிழங்கு முதல் விதை வரை கடும் நஞ்சு, குழந்தைக்கு எட்டாத தூரத்தில் வேலிக்குள் வைக்க வேண்டும். நெய்தல் சென்னைக்கு இயல்பான நிலம். புன்னை மெதுவாக வளர்ந்தாலும் உப்புக்காற்றைத் தாங்கி அடர்ந்த நிழல் தரும். அடும்பு மணலில் தானாகப் படரும். தாழையின் இலை விளிம்பு முள், பாதையிலிருந்து 2 மீட்டர் தள்ளி நடலாம். மருதத்துக்கு 45 முதல் 60 செ.மீ. ஆழக் குளமும் ஆம்பலும் போதும். கொசுவுக்குப் பயந்து கம்பூசியா மீனை விடுவது பழைய வழக்கம். அது தலைப்பிரட்டையையும் தின்றுவிடும். நம் ஏரிகளிலுள்ள சிறு மீன்களே கொசுப்புழுவைத் தின்னும். தவளையை வாழவிட்டால், மழை விட்ட இரவில் முல்லைத்திணையின் ஒலி மின்சாரம் இல்லாமலே கிடைக்கும்.

மணத்துக்கும் திசை உண்டு. கோடை மாலையில் சென்னையில் காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. முல்லைப் பந்தலும் மனோரஞ்சிதமும் இருக்கைக்குத் தென்கிழக்கில், உட்கார்ந்தவரின் மூக்கு உயரமான ஒன்றேகால் மீட்டரை ஒட்டி இருந்தால் மணம் ஆளைத் தேடி வரும். வடமேற்கில் வைத்தால் பக்கத்துத் தெருவுக்குப் போகும். மொட்டு மாலையில் அவிழும்; அதனால் முல்லை மாலை நடைப்பாதையில். பவழமல்லியும் மகிழம்பூவும் விடியலில் உதிர்ந்து கிடக்கும். அவை காலை நடைப்பாதையில். காலை ஐந்தரைக்கே பெருக்கித் தள்ளிவிட வேண்டாம் என்று துப்புரவுப் பணியாளரிடம் சொல்லவும் வேண்டும். மகிழ மரத்தின் கீழே எட்டு மணிவரை துடைப்பம் படாதிருப்பது, எங்கள் கணக்கில், ஓர் ஒளிக்காட்சிக்குச் சமம்.

திறப்பு விழாவுக்குள் நிழல் வேண்டும் என்று லாரியில் 15 அடி மரங்களை இறக்குவது ஆபத்தான குறுக்குவழி. பையில் நெடுநாள் இருந்த மரத்தின் வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நட்ட பிறகும் வெளியே போகாது. இலை தழைத்து, நான்காம் ஆண்டுப் புயலில் அப்படியே சாயும். 2016 டிசம்பர் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த பிறகாவது இதைக் கேட்க வேண்டும். 6 முதல் 8 அடிக் கன்று, ஒரு மீட்டர் ஆழ அகலக் குழி, சுற்றிய வேரைக் கத்தியால் நான்கு பக்கம் கீறிவிடுவது, ஓராண்டு மட்டும் ஊன்றுகோல். நிழல் வரும்வரை மூங்கில் பந்தலும் கொடியும் தாங்கும். கொடி இரண்டு மழைக்குள் மூடிவிடும்.

இரவு விளக்கில் நாம் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: அதிகம் போடுகிறோம். 6,500 கெல்வின் வெள்ளை விளக்கு பாதையைப் பகலாக்கி, இரண்டடி தள்ளியிருப்பதைக் கும்மிருட்டாக்குகிறது. பெண்கள் தயங்குவது அந்த எல்லைக்கோட்டில்தான். மஞ்சள் சாயலுள்ள 2,700 அல்லது 3,000 கெல்வின் விளக்கு, பாதையில் 5 முதல் 10 லக்ஸ் வெளிச்சம், எல்லா இடத்திலும் ஒரே சீர், எதிரே வருபவரின் முகம் தெரியும்படி பக்கவாட்டில் கொஞ்சம். இது போதும். மரத்தண்டில் சீரியல் விளக்கைச் சுற்றினால், மரம் பருக்கப் பருக்க ஒயர் பட்டைக்குள் புதைந்து அறுக்கும். கடலுக்கு அருகே என்றால் விளக்குக் கம்பத்திலும் கைப்பிடியிலும் 304 ரகத் துருப்பிடிக்கா எஃகுகூடப் பழுப்பேறும், 316 ரகம் கேளுங்கள்.

ஆற்றோரப் பூங்கா கட்டுகிறவர்கள் சிங்கப்பூரில் பார்க்கவேண்டியது கரையோரப் பூந்தோட்டத்தின் (கார்டன்ஸ் பை தி பே) 18 செயற்கைப் பெருமரங்களைக் காட்டிலும் பீஷான்–அங் மோ கியோ பூங்காவைத்தான். 2.7 கி.மீ. கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கி.மீ. வளைந்தோடும் ஆறாக்கி 2012இல் முடித்தார்கள். வேலி இல்லை, கரை சரிவாக நீருக்குள் இறங்குகிறது. மழையில் நீர் ஏறும்போது புல்வெளியே ஆற்றுப்படுகை ஆகிறது. நீர்மட்ட உணரிகளும் எச்சரிக்கை விளக்கும் சங்கொலியும் மக்களை மேலேற்றுகின்றன. நீர் ஏறி இறங்குவதே அங்கே காட்சி. அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா, சீர்கெட்டிருந்த சதுப்பை மீட்டது என்ற வகையில் நமக்கும் முன்மாதிரி உண்டு. கூவம், வைகை, நொய்யல் கரைகளில் தடுப்புச்சுவர் கட்டி, அதன்மேல் மீன் ஓவியம் தீட்டிப் பூங்கா என்று சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் ஒரு மழைநாளில் பார்த்துவிடலாம்.

பெயர்ப்பலகைகள் ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கப்படுவதால் ஒருவரும் படிப்பதில்லை. தமிழில் எழுதினால் 40 சொல்லுக்குள் முடியும். எழுத்து உயரம் குறைந்தது 8 மி.மீ.; வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூடுதல், இல்லையேல் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘றீ’யும் முட்டிக்கொள்ளும். கியூஆர் பலகை வெயிலில் ஓராண்டில் வெளுக்கும். அச்சிடாமல் உலோகத்தில் பொறிக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு 12க்கு 1 சரிவு என்று எல்லோரும் வரைகிறார்கள், பிறகு வாசலில் பைக் நுழையாதிருக்க வளைவுத் தடுப்பு வைத்து நாற்காலியையும் வெளியே நிறுத்திவிடுகிறார்கள். தூண்களுக்கு இடையே 90 செ.மீ. விட்டால் பைக்கும் நுழையும்தான். அதற்குக் காவலாளி இருக்கிறார்.

இனி நடைமுறைக் கோரிக்கை. டெண்டருக்கு முன் ஒரு பொழுதுப் பட்டியல் தயாரிக்க வேண்டும். மே மாதத்தில் ஒரு நாள், ஐப்பசி மழையில் ஒரு நாள். இரண்டிலும் காலை 6, பகல் 1, மாலை 5, இரவு 8 மணிக்கு அந்த நிலத்தில் நின்று தரைவெப்பம், ஒலியளவு, காற்றின் திசை, நிழல் எல்லை, நீர் தேங்கும் இடம், அந்நேரத்தில் அங்கே யார் இருக்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். வெப்பமானித் துப்பாக்கியும் ஒலிமானியும் சில ஆயிரம் ரூபாய்தான். இந்த எட்டுத் தாள்களும் வரைபடத்தோடு இணைக்கப்பட்டால்தான் எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் என்று நகராட்சி நிர்வாகத் துறை ஓர் ஆணை போடலாம்.

அதோடு ஒப்பந்தத்தின் கடைசித் தவணையைத் திறப்பு விழா தேதியோடு கட்டாமல், ஒரு கோடையும் ஒரு மழையும் கழிந்த பிறகு உயிரோடு நிற்கும் மரக் கணக்கையும் ஓடுகிற நாசில் கணக்கையும் எண்ணிப் பார்த்து விடுவிக்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் பம்பு இயக்குநர் ஒருவரும் செடி தெரிந்த தோட்டக்காரர் ஏக்கர் கணக்குக்கு இத்தனை பேரும் என்று பதவியாகவே எழுதியிருக்க வேண்டும். ‘இதர பணிகள்’ என்ற ஒற்றை வரியில் அவர்களைச் சேர்த்துவிட்டால், மகிழ மரத்தடியைப் பெருக்குபவரே பம்பையும் தட்டிப் பார்க்க வேண்டி வரும்.

இப்படிக்கு,
பூங்கா மற்றும் நிலத்தோற்ற வடிவமைப்புப் பணியில் உள்ளோர் சிலர்,
சென்னை.